ஒரு முழப் பெயர்

ஈயம் உருக்கும் சட்டியைத் தளவாய் பூவலிங்கம் சபைக்கே தூக்கிவரச் செய்துவிட்டார். அடுப்புக்கு மட்டும் ராஜா அனுமதி கொடுக்கவில்லை. கம்பளம் புதிது.

“இனி என்ன பேச்சு, பண்டிதரே?” என்றார் தளவாய். “கோட்டை வாசல் கல்லில் இருப்பதை நீரே வாசித்துச் சொன்னீர். இந்த அரண்மனையிலிருந்து வெளிவரும் எந்த எழுத்திலும் அரசன் பெயர் அரசனின் கை அளவில் ஒரு முழ உயரம் இருக்க வேண்டும். உமது புத்தகமே ஒரு சாண்தான். அச்சுக்கூடம் கல்லை மீறுகிறது. ஈய எழுத்துகளை உருக்கினால் இந்த வருஷ வேட்டைக்குக் குண்டாவது ஆகும்.”

பண்டிதர் என்றது சிற்சபேசரை. அரண்மனைப் புலவர் அவர். ராஜாவிடம் கெஞ்சி அச்சுக்கூடத்தை வாங்க வைத்தவரும் அவர்தான். முதலில் அச்சேறுவது ராஜவம்ச வரலாறு. அதில் பாதி நடக்காதது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எழுதியவர் அவர். அதற்கு அடுத்தபடியாக அவருடைய அகராதி காத்திருந்தது. அதில் பொய் இல்லை. அதற்காகத்தான் அந்தப் பொய்யையே எழுதினார். எழுத்துகள் உருகிவிட்டால் அகராதி பெட்டியில்தான் கிடக்கும், கரையான் வரும்வரை.

ராஜா சேதிராயர் திண்டில் சாய்ந்தபடி எழுத்துக் கோப்பவரைப் பார்த்தார். “மாசிலாமணி, ஒரு முழம் என்பது உங்கள் கணக்கில் எவ்வளவு?”

“எங்களுக்கு முழம் கிடையாது மகாராஜா. எழுத்தைப் பாயிண்டில்தான் அளப்போம். ஓர் அங்குலத்துக்கு எழுபத்திரண்டு பாயிண்ட். நேற்று மகாராஜா கையை நூல் பிடித்துப் பார்த்தேன், பதினெட்டு அங்குலம். ஆக ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு பாயிண்ட்.”

“ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு” என்று ராஜா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தொகை அவருக்குப் பிடித்திருந்தது. “நம்மிடம் இருக்கும் பெரிய எழுத்து?”

“எழுபத்திரண்டு பாயிண்ட், மகாராஜா.”

“வெறும் எழுபத்திரண்டா?”

“சட்டியை வெளியே கொண்டுபோய் அடுப்பில் ஏற்றலாமா?” என்றார் தளவாய்.

“ஏற்றலாம்” என்றார் சிற்சபேசர். “அதற்கு முன் ஒரு சந்தேகம். தளவாய்தான் தீர்க்க வேண்டும். போன தேரோட்டத்தின்போது மகாராஜாவுக்குக் காய்ச்சல். வழக்கப்படி அவர் படத்தைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தளவாய் தெருவிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தீர்கள். யாரை வணங்கினீர்கள்?”

“இதென்ன கேள்வி? மகாராஜாவை!”

“படத்தை இல்லையே?”

“படம் வேறு, மகாராஜா வேறா? நாக்கை அடக்கிப் பேசும்.”

“மன்னிக்க வேண்டும். தளவாய் சொன்னால் சரிதான்.” சிற்சபேசர் புத்தகத்தின் முதல் தாளை விரித்தார். அதில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ராஜா நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டி எதையோ தானம் கொடுத்துக்கொண்டிருந்தார். எதை என்று செதுக்கியவனுக்கும் தெரியாது. “மாசிலாமணி, இந்த மகாராஜாவின் கைக்கும் நூல் பிடி. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை.”

மாசிலாமணி நூல் பிடித்தார். இன்னொரு தடவையும் பிடித்துப் பார்த்தார். “ஓர் அங்குலம், ஐயா.”

“ஆக?”

“எழுபத்திரண்டு பாயிண்ட்.”

“வெளியில் இருக்கும் மகாராஜாவுக்கு வெளியில் இருக்கும் கை. புத்தகத்துக்குள் இருக்கும் மகாராஜாவுக்குப் புத்தகத்துக்குள் இருக்கும் கை. இரண்டு பேரும் ஒருவரே என்று தளவாய் சொல்லிவிட்டார். கல் கேட்டது அரசன் முழம். கொடுத்துவிட்டோம்.”

சபையில் யாரோ செருமினார்கள். சிரிப்பாகவும் இருக்கலாம். ராஜா தாளை வாங்கித் தன் பெயருக்கு விடப்பட்டிருந்த இடத்தைப் பார்த்தார். முகம் அவ்வளவு தெளியவில்லை.

தளவாய் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டார். “சரி ஓய், உமது கணக்கே இருக்கட்டும். படத்தை இரண்டு மடங்கு பெரிதாகச் செதுக்கினால் கை இரண்டு மடங்கு ஆகும். பெயரும் இரண்டு மடங்கு ஆகும். எல்லா எழுத்தையும் மரத்திலேயே வெட்டிவிடலாம். மகாராஜாவின் பெயரை ஏன் சுருக்க வேண்டும்?”

“நல்ல யோசனை” என்றார் ராஜா, நிமிர்ந்து உட்கார்ந்து.

சிற்சபேசர் அவசரமாக மனக்கணக்குப் போட்டார். மரத்தில் வெட்டினால் ஈயம் சட்டிக்குத்தான். “நல்ல யோசனைதான் மகாராஜா. படம் இப்போது நான்கு அங்குலம். இரண்டு மடங்கு என்றால் எட்டு. பெயர் இரண்டு. தாளோ ஒன்பதே அங்குலம். ஓர் அங்குலம் இடிக்கிறது.”

“இதற்கா மலைக்கிறீர்!” தளவாய் தாளின் உச்சியில் விரலை வைத்தார். “பெயர் வருவது மேலே. படத்தின் மேல்பக்கத்தில் ஓர் அங்குலத்தை வெட்டித் தள்ளினால் தீர்ந்தது.”

சிற்சபேசர் கேட்டார்: “மேல்பக்கத்தில் என்ன இருக்கிறது, தளவாய்?”

தளவாய் விரலை எடுத்துக்கொண்டார்.

“சொல்லும்” என்றார் ராஜா. “என்ன இருக்கிறது?”

“தலைப்பாகை, மகாராஜா.”

“அதற்குக் கீழே?”

தளவாய் சட்டியைப் பார்த்தார். சட்டி காலியாக இருந்தது.

ராஜா வெடித்துச் சிரித்தார். சிரிக்கலாம் என்று தெரிந்ததும் சபையும் சிரித்தது. பெயர் எழுபத்திரண்டு பாயிண்டிலேயே இருக்கும் என்றும், அச்சுக்கூடத்தில் யாரும் கைவைக்கக்கூடாது என்றும் உத்தரவாயிற்று. சிற்சபேசருக்குப் பட்டு. மாசிலாமணிக்கு ஒரு வேட்டி. எல்லோரும் வணங்கிக் கலைந்துகொண்டிருந்தார்கள். ராஜா இன்னும் சிரித்தபடியே தன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.