கொன்றைநாதர் பல்லக்கு நின்ற கடை

பொருநை ஆற்றங்கரையில் திருக்கொன்றையூர் என்று ஓர் ஊர். அங்கே கோயில் கொண்ட கொன்றைநாதருக்கு அடியவராய் வாழ்ந்தவர் ஆவுடையப்பர். கீழவாசலில் சூடமும் திருநீறும் விற்கும் சிறு கடை அவருடையது. விடியலில் கடை திறந்ததும் முதல் சூடத்தைச் சன்னிதி நோக்கி ஏற்றி ஐந்தெழுத்தை ஓதுவார். மனைவி மறைந்தபின் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. முழங்கால் வலியோடு, வெயிலோடு, அலுப்போடு நாட்கள் போயின. ஓதுவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் கோயில் காவலர் இசக்கியின் துப்பாக்கி களவு போயிற்று. அவரே விற்றுவிட்டார் என்று ஊர் பேசியது. வேலையும் போய், இசக்கி கடைக்கு எதிரே கோபுரவாசலிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு பொழுதுசாயும் வேளை. அதே ஊர்ப் பிரமு அம்மாளின் இளைய மகன் பேச்சிமுத்து, சாக்கில் சுற்றிய நீளமான ஒன்றை அணைத்தபடி கடைக்குள் வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணாச்சி, சூடம் குடுங்க. சத்தியம் பண்ணணும்."

"என்ன சத்தியம்ப்பா?"

"சொத்தை ஏமாத்தின எங்க அண்ணன் இன்னைக்கு உசுரோட இருக்கக் கூடாது."

சாக்கின் கிழிசலில் துப்பாக்கியின் கட்டை தெரிந்தது. ஆவுடையப்பர் நிதானமாக எழுந்தார். பலகைக் கதவை உள்ளிருந்து சாத்தித் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். "இசக்கி, உன் துப்பாக்கி இங்க இருக்கு. போலீஸைக் கூட்டிட்டு வா" என்று உரக்கக் குரல் கொடுத்தார்.

பேச்சிமுத்து சாக்கை உதறித் துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். "எந்திரிங்க அண்ணாச்சி. சுட்டுருவேன்."

"சுடு. உங்க அண்ணனுக்குப் பதிலா நான் போறேன். எனக்கும் அலுத்துப்போச்சுப்பா."

அவர் கண்களை மூடி ஐந்தெழுத்தை ஓதலானார். ஓத ஓத அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். காவல்துறையினர் வந்து கதவைத் தட்டியபோது துப்பாக்கி தரையில் கிடந்தது. அவன் அவருடைய காலடியில் அழுதுகொண்டிருந்தான்.

இசக்கிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அடியாருக்கோ சோதனை அதன்பிறகே தொடங்கிற்று. பிரமு அம்மாள் கடைமுன் மண்ணை வாரித் தூற்றினார். "நம்பி உள்ள வந்த பயலைப் பூட்டிவச்சுக் காட்டிக் குடுத்த மனுசன்" என்று ஊரார் பழித்தனர். கடைக்கு ஆள் வருவது குறைந்தது. உயிர் தப்பிய மூத்தவன்கூட முகம் திருப்பிக்கொண்டு போனான். பல நாட்கள் பட்டினி கிடந்தார் ஆவுடையப்பர். "செய்தது தப்பா, சொல்லுமய்யா" என்று சன்னிதியில் கேட்டார். மறுநாளும் முதல் சூடத்தை ஏற்றினார்.

பங்குனித் திருவிழா வந்தது. வீதியுலா வந்த பல்லக்கு அவர் கடைமுன் நின்றது. சுமப்பவர்கள் தோள் மாற்றிப் பார்த்தனர். ஓர் அடிகூட நகரவில்லை. கூட்டம் திகைத்து நிற்க, பிரமு அம்மாள் அதை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். மூப்பும் அழுகையும் அவரை ஒடுக்கியிருந்தன.

"நேத்து ஜெயில்ல அவனைப் பாத்தேன், அண்ணாச்சி. 'அவரு கதவைச் சாத்தலேன்னா நான் கொலைகாரனாயிருப்பேன், உனக்கு ரெண்டு பிள்ளையும் இருந்திருக்காது'ன்னு சொன்னான். நான்தான் மண்ணை வாரிப் போட்டேன்."

ஆவுடையப்பர் எழ முயன்றார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்தத் தாயே கைகொடுத்து எழுப்பினார். அப்போது இறைவன் திருமார்பில் கிடந்த கொன்றைமாலை, எவர் கையும் படாமல், கழன்று சரிந்தது. குருக்கள் அதை ஏந்தி வந்து அடியாரின் கழுத்தில் அணிவித்தார். பல்லக்கு பூப்போல எழுந்தது.

சாகத் துணிந்து இரண்டு உயிர்களைக் காத்து, பழியையும் வாய்திறவாமல் சுமந்த ஆவுடையப்பரின் களைத்த பாதங்கள் நம் தலைமேல் இருக்கட்டும்.