சட்டை போடாத படம்

அந்தப் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்குக் குமுதவல்லிதான் இயக்குநர். பதவியின் பெயர்தான் பெரிது. அவருக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு காவலாளி. துணைவேந்தர் ஏகாம்பரம் வந்தாலோ, முன்னால் நாலு பேர் ஓடி வழி ஏற்படுத்துவார்கள்.

ஒரு பழைய ஓவியத்தைக் கழற்றச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பியும் நடக்காததால், அன்று அவரே பரிவாரத்தோடு வந்துவிட்டார். ஓவியத்தில், இடுப்பில் வெறும் துண்டோடு, விலா எலும்பு தெரிய ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

"சட்டைகூட இல்லாம என்னம்மா படம் இது? நாளைக்கு அமைச்சர் வர்றார். இப்பவே கழட்டலைன்னா உங்க பதவியையும் சேர்த்துக் கழட்டிடுவேன்."

"கழட்டிடறேன் சார். கீழே ஒட்டியிருக்கற குறிப்பு சரியான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க."

காலையில் ஒட்டியது, பசைகூடக் காயவில்லை. அவர் கம்பீரமாக வாசித்தார். "மாடலாக அமர்ந்தவர்: பெயர் தெரியாத பிச்சைக்காரர்." குரல் சட்டென்று ஏறியது. "யாரு பிச்சைக்காரன்? நான் அப்ப பி.ஏ. ரெண்டாம் வருஷம்மா."

கூட வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

சொன்னதை இனி விழுங்க முடியாது. ஏகாம்பரம் மெல்லப் படத்தருகே போனார். "ஓவிய வகுப்புப் பிள்ளைங்க பரோட்டா வாங்கித் தருவாங்க. அதுக்காக மத்தியானம் பூரா அசையாம உட்காருவேன். அந்தச் சால்னா ருசி அப்புறம் எங்கேயும் கிடைக்கல." படத்தை இன்னும் நெருங்கிக் குனிந்து பார்த்தார். "படம் இருக்கட்டும். 'ஒரு மாணவர்'னு மாத்தி எழுதுங்க. ஆனா மூக்கை இவ்வளவு கோணலா வரைஞ்சது யாரு?"

"நான்தான் சார்," என்றார் குமுதவல்லி. "பெயின்ட் கரைக்கற டர்பன்டைன் வாசனைக்கு நீங்கதான் தும்மிக்கிட்டே இருந்தீங்க."