அடைத்த குழாய்

"டீச்சர், என் படகு தண்ணியவிட்டு எழும்ப மாட்டேங்குது" என்றார் தொம்மை மிசியர்.

அமலி டீச்சர் பாலிடெக்னிக்கில் கடல் இயந்திரங்கள் சொல்லிக்கொடுப்பவர். வயதில் தொம்மையைவிடச் சின்னவர். ஆனாலும் தொம்மைக்கு அவர்தான் குரு. நரைத்த மீசையோடு மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் தொம்மை.

படகு பழையது, இரட்டை உடல் கொண்டது. படகைத் தள்ளும் விசிறிகள் அடியில் இல்லை, வாலுக்கு வெளியே நீண்டிருக்கும். வேகம் பிடித்துப் படகு எழும்பிவிட்டால் விசிறி பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றும். அப்புறம் பறக்கும். எழும்புகிற வரைக்கும்தான் பாடு. அதுவரை விசிறி முழுக்க முங்கிக் கிடந்து இன்ஜினை மூச்சுத் திணற வைக்கும்.

தொம்மை தான் செய்ததையெல்லாம் சொன்னார். பிடிப்பு போதவில்லை என்று பெரிய விசிறி மாட்டினார். பிறகு அதைவிடப் பெரியது. படகு இன்னும் சோம்பேறி ஆனது.

"மாட்டுனதச் சொன்னீய. எடுத்தது என்ன?"

"ஒண்ணுமே எடுக்கல டீச்சர்."

ஓட்டிக் காட்டச் சொல்லி டீச்சர் படகில் ஏறிவிட்டார்.

எதிரே இருந்த பனந்தீவுக்குப் போகும்போது படகில் வேறு யாரும் இல்லை. திணறினாலும் எழும்பிவிட்டது. டாக்டரைக் கண்டதும் பல்வலி ஓடிப்போனவர் மாதிரி தொம்மை வெட்கப்பட்டார்.

தீவுத் துறையில் படகுக்காகச் சிலர் கட்டிலோடு காத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தவள் தொம்மையின் மகள் பிலோமி. தீவில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதம். சேலையெல்லாம் ரத்தம். சீக்கிரம் ஆஸ்பத்திரி சேர்க்காவிட்டால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்றாள் நர்ஸ்.

பனந்தீவில் நோயாளி தனியாகப் போனதாகச் சரித்திரம் கிடையாது. பாதித் தெரு கூடவே ஏறியது. சம்பந்தி வீட்டு ஆட்கள். இறங்குங்கள் என்று சொல்லத் தொம்மைக்கு வாய் வரவில்லை.

நடுக்கடலில் அதற்கான பலன் தெரிந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது, வால் தண்ணீரில் உட்கார்ந்தது. கரும்புகை. இன்ஜின் வேகத்தைக் கூட்டும் ரேஸ் கம்பியைத் தொம்மை கடைசி வரை தள்ளியிருந்தார். அதற்கு மேல் தள்ள இடமில்லை.

திரும்பிப் போய் ஆட்களை இறக்க நேரமும் இல்லை.

உள்ளே நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். "மூச்ச அடக்காதம்மா. விடு."

பின்பக்கம் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கூப்பிட்டார். கூட ஏறியிருந்த மருமகனிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டுத் தொம்மை ஓடினார்.

இரண்டு உடல்களின் வாலிலும் ஒவ்வொரு குழாய் நின்றது. மேல்முனை தளத்தில், கீழ்முனை விசிறிக்கு முன்னால். மேல்முனையில் மரத்தக்கை அடித்துத் தார் பூசியிருந்தது.

"யாரு அடைச்சது?"

"நாந்தான். வாங்குன அன்னைக்கே அடைச்சிட்டேன். படகுல ஓட்டைய வச்சிக்கிட்டு எவனுக்குத் தூக்கம் வரும்?"

டீச்சர் சுத்தியல் கேட்டார்.

தொம்மை கொடுக்கவில்லை. அந்தக் குழாயைத் திறந்தால் காற்று நேரே விசிறிக்கு இறங்கும். காற்றுப் பட்டால் விசிறி வழுக்கும். அவருடைய அப்பனும் பாட்டனும் அதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

"இருக்க பிடிப்பும் போயிரும் டீச்சர். உள்ள எம்மவ கெடக்கா."

"போவும்" என்றார் டீச்சர். "குடுங்க."

மறுத்துச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தொம்மைக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. சுத்தியலைக் கொடுத்துவிட்டு, போய் ரேஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு தக்கை தெறித்தது. அடுத்ததும் தெறித்தது. குழாய்கள் உஸ்ஸென்று காற்றை உறிஞ்சின.

விசிறிகள் வழுக்கின. இன்ஜின் அலறியது. படகு இருந்த வேகத்தையும் இழந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தொம்மை கம்பியைப் பின்னால் இழுக்கப் போனார்.

"கொறைக்காதீய" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவர் குறைக்கவில்லை. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விசிறியின் பாரம் குறைந்ததும் இன்ஜின் மூச்சு விட்டது; அதன் அலறல் மேலே மேலே ஏறியது. புகை வெளுத்தது. வால் எழுந்தது. மூக்கு மெல்ல இறங்கியது. கண்ணைத் திறந்தபோது கடல் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

இக்கரைத் துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் பிலோமியோடு ஏறினாள். பாதித் தெரு வண்டிக்குப் பின்னால் ஓடியது. டீச்சர் வந்து இன்ஜினை அணைத்தார்.

தொம்மை நின்ற இடத்திலேயே நின்றார்.

"பிடிப்பு போச்சு. பெறவு எப்படி டீச்சர் எழும்புச்சு?"

டீச்சர் அவருடைய கையைப் பார்த்தார். அது இன்னும் ரேஸ் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"கைய எடுங்கண்ணே. கரை வந்துட்டு."