சுருதி பார்க்க வந்தவர்

மச்சாடோ மாஸ்டர் கடற்கரைச் சாலை ஹோட்டல் ஒன்றில் பியானோ வாசித்தார். சாயங்காலம் சாப்பிட வருகிறவர்களுக்கு ஜாஸ். அவர்கள் அவருடைய முதுகைத்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் அவர் வாசிப்பை நாலு சுரத்தில் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

மத்தியானம் கூடம் காலியாக இருக்கும். அப்போது செல்வின் என்ற பையனுக்குப் பியானோ பாடம்.

ஒருநாள் செல்வின் கேட்டான். "மாஸ்டர், ஜாஸ்ல பாதியை மேடையிலேயே யோசிச்சு வாசிக்கிறோம். கூட வாசிக்கிறவன் தப்பா ஒரு சுரம் வாசிச்சுட்டா, நாம என்ன செய்யணும்?"

"சொன்னா விளங்காது. வேளை வரட்டும்" என்றார் மாஸ்டர்.

வேளை வருவதற்குள் செல்வின் வெளிநாடு போய்விட்டான். சொந்தமாக இசையமைத்தான். பேரும் புகழும் வந்தன. 'யாரிடமும் கற்காத மேதை' என்று ஒரு பத்திரிகை எழுதியது. திருத்தவேண்டும் என்று நினைத்தான், நினைத்ததோடு சரி. போகப் போகப் பேட்டிகளில் அவனே அப்படிச் சொல்ல ஆரம்பித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

பல வருஷம் கழித்துச் சென்னையில் அவன் கச்சேரி. ஆரம்பிக்கும் முன் மேடையில் நிருபர்கள் சூழ்ந்திருந்தார்கள்.

"நிஜமாவே உங்களுக்கு குருவே கிடையாதா சார்?"

"இந்தப் பியானோதான் குரு" என்றான் செல்வின். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக மச்சாடோ மாஸ்டர் வந்தார். முழங்கை தேய்ந்த கோட்டு. கையில் ஒரு பொட்டலம். அதில் தூத்துக்குடி முந்திரி மக்ரூன் இருக்கும் என்று செல்வினுக்குத் தெரியும். பாடம் முடிந்தால் அதைத்தான் தருவார்.

"இவர் யாரு சார்?" என்றார் அரங்கப் பொறுப்பாளர்.

செல்வின் பொட்டலத்திலிருந்து கண்ணை எடுத்தான். "பியானோவுக்குச் சுருதி பாக்குறவர்" என்றான்.

மாஸ்டர் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பொட்டலத்தை நாற்காலியில் வைத்தார்.

"ஆமா சார். கருவிப் பையை பஸ்ஸுல விட்டுட்டேன். காதால கேட்டுப் பாத்துடுறேன்."

பியானோ முன் உட்கார்ந்தார். இடது ஓரத்துக் கட்டையை ஒற்றை விரலால் அழுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அடுத்த கட்டை. செல்வின் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரி சேர்த்து வாசித்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அவர் சேர்த்து வாசிக்கவில்லை. வாசிக்கவே தெரியாதவர் மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே கடைசிக் கட்டை வரை போனார். அவன் விரல்களை முதன்முதலில் பியானோவில் பிடித்து வைத்த விரல் அது.

"சுத்தமா இருக்கு" என்று எழுந்தார்.

"நல்லது பெரியவரே. பின்னாடி போய் டீ குடிங்க" என்றார் பொறுப்பாளர்.

மாஸ்டர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

கச்சேரி நன்றாக நடந்தது. கைதட்டல் ஓயவில்லை. செல்வினால்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. திரை விழுந்ததும் பின்பக்கம் ஓடினான்.

லைட் போடுகிறவர்களோடு மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செல்வின் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே மாஸ்டர். இவன் என்கிட்ட படிச்ச பயல்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு மக்ரூனை அவன் கையில் வைத்தார்.

"கூட வாசிக்கிறவன் தப்பா ஒரு சுரம் வாசிச்சா என்ன செய்யணும்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

செல்வின் விரல்களை மூடினான். மக்ரூன் உள்ளங்கையில் நொறுங்கியது.

வெளியே நிருபர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தத் தப்பு சுரத்துக்கு ஒத்து நான் வாசிச்சுட்டேன். இனி உன் முறை."