காய்ச்சல் இறங்கின கரடி

கரடி கதைன்னதும் நிமிர்ந்து உக்காந்துட்டீங்களே! தேன்கூட்டுல கைய விடும், தேனீ மூக்குல கொட்டும், மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கும், நாம எல்லாரும் சிரிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். அதானே நெனப்பு? நடக்காது! இந்தக் கரடிக்குத் தேன் வாசனை பட்டாலே குமட்டுது.

அவன் பேரு சடையன். காட்டுக் குளத்தங்கரையில, மூங்கில் புதருக்கடியில சுருண்டு கிடந்தான். உடம்பு அனலாக் கொதிச்சுது. பக்கத்துல அவன் பொண்டாட்டி வடிவு. ஈர இலையை அவன் நெத்தியில வைக்கிறதும், அது காஞ்சதும் மறுபடி குளத்துக்குப் போறதுமா நடந்து நடந்து, அவ காலு நாலும் மரத்துப் போச்சு.

"கண்ணுக்குப் பின்னாடி யாரோ குத்துற மாதிரி வலிக்குது வடிவு. எலும்பெல்லாம் நொறுங்குது"ன்னு முனகினான் சடையன்.

வடிவுக்குத் திக்குனு இருந்துச்சு. மழை விட்டதுலேருந்து மூங்கில் பொந்துல எல்லாம் தண்ணி தேங்கிக் கிடக்கு. பகல்லயே கொசு பிடுங்கி எடுக்குது. டெங்குவா இருக்குமோ?

யானை டாக்டரம்மாகிட்ட காட்டணும். ஆனா அந்தம்மா இருக்கிறது மலைக்கு அந்தப் பக்கம். மலை மாதிரி இருக்கிற இவனைச் சுமந்துக்கிட்டு அந்த மலையை ஏறணுமா? நெனைச்சாலே அவளுக்கு அழுகை வந்துச்சு. யாராவது 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டா போதும்னு இருந்துச்சு.

சொல்றதுக்கா ஆள் இல்ல?

மொதல்ல ஆந்தை. "கண்ணுக்குப் பின்னாடி வலியா? பகல்ல முழிச்சிருந்தா வலிக்காம என்ன செய்யும்! எனக்கெல்லாம் வெயிலைப் பார்த்தாலே தெறிக்கும். தூங்கச் சொல்லும்மா, சரியாயிடும்!"

அப்புறம் அவன் வயித்து முடியை ஒதுக்கிப் பார்த்தா, தோலெல்லாம் சிவப்புச் சிவப்பாப் புள்ளி. புள்ளிமான் கழுத்தை நீட்டிப் பார்த்துச்சு.

"அய்! புள்ளி!"

"எனக்குப் பயமா இருக்கும்மா"ன்னா வடிவு.

"பயமா? என்னைப் பாருக்கா! பொறந்ததுலேருந்து புள்ளி. ஒரு தடவை தும்மியிருப்பேனா? இப்பத்தான் அண்ணன் பார்க்கிற மாதிரி இருக்காரு. என்ன, வரிசைதான் கொஞ்சம் கோணல்!"

வடிவுக்குச் சிரிப்பும் வரல, கோபமும் வரல. கொட்டாவிதான் வந்துச்சு.

நாலஞ்சு நாள் கழிச்சு, ஒரு காலையில நெத்தியைத் தொட்டா, சூடே இல்ல! காய்ச்சல் இறங்கிடுச்சு! காடே கூடிடுச்சு.

"நான் அப்பவே சொன்னேன்ல!"ன்னுச்சு ஆந்தை.

"நானும்தான்!"ன்னுச்சு மான்.

வடிவு கையில இருந்த ஈர இலை நழுவி விழுந்துச்சு. அப்படியே மரத்துல சாஞ்சா. அப்பாடா! மலை ஏற வேண்டாம்.

ஆனா சடையன் எழுந்திரிக்கல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டான். குடிச்ச தண்ணியெல்லாம் திரும்பத் திரும்ப வாந்தியா வந்துச்சு. கை கால் ஜில்லுனு ஆச்சு. கூப்பிட்டா, 'ம்' கொட்டக்கூடத் தெம்பில்ல.

"இவரு ஏன் இப்படிக் கிடக்காரு?"ன்னு வடிவு மெல்லக் கேட்டா.

பக்கத்துல சுருண்டு கிடந்த மலைப்பாம்பு தலையைக்கூடத் தூக்கல. "அசை...யாம கிடக்...கிறாரா? அதை...விட ஆரோக்...கியம் உண்டாம்மா? நான் எப்பவும் இப்...படித்...தானே..." சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது தூங்கியே போச்சு.

வடிவும் கண்ணை மூடினா. கொஞ்ச நேரம். கொஞ்சமே கொஞ்ச நேரம்...

"ரத்தம்!"னு மான் கத்துச்சு.

சடையன் ஈறுலேருந்து ரத்தம் கசியுது. மூக்குலயும் கசியுது. எல்லார் கண்ணும், பக்கத்து ஈரப்புல்லுல நெளிஞ்ச அட்டை மேல போச்சு.

"அடப்பாவி! நோயாளின்னுகூடப் பார்க்காம உறிஞ்சிட்டியா?"ன்னு ஆந்தை பாஞ்சுது.

"தேறி வந்த உடம்பை இப்படிப் பண்ணிட்டியே!"ன்னு மான் எகிறுச்சு.

அட்டை வெலவெலத்துப் போச்சு. "யம்மா, சத்தியமா நான் வாயே வைக்கல! வைக்கலாம்னுதான் வந்தேன், இல்லேங்கல. கிட்ட வந்து பார்த்தா, அது தானா வருது! கடிக்காமலே ரத்தம் வருதுன்னா, இதுக்குப் பேரா தேறின உடம்பு? அக்கா, காய்ச்சல்தான் போச்சு, நோய் போகல! இப்படியே விட்டா செத்துப் போயிடுவாரு!"

வடிவு எழுந்தா. குட்டியைச் சுமக்கிற மாதிரி அவனை முதுகுல ஏத்திக்கிட்டு, மலையைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சா.

அடுத்தவங்களுக்குப் பழகிப் போனதை வெச்சு நம்ம நோயை அளக்கக் கூடாது; கொசுவால வந்த காய்ச்சல் இறங்கினாலும், வயித்து வலி, வாந்தி, சோர்வு, ரத்தக் கசிவுன்னு எது தெரிஞ்சாலும், ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காம டாக்டர்கிட்ட ஓடணும்.