மூடின கையோடு நடந்தவள்

கடலைத் தாண்டி, அதற்கும் அப்பால் இன்னொரு கடலைத் தாண்டி, தெற்கே ஒரு சீமையாம். அங்கே ஒரு ஆறாம். அந்த ஆற்றங்கரை வளையிலே அலகாயி என்று ஒரு வாத்தலகி இருந்தாளாம். வாத்து மாதிரி அலகு, நீர்நாய் மாதிரி ரோமம், முட்டையும் இடுவாள், பாலும் கொடுப்பாள். சிரிக்காதீங்க, படைச்சவன் அப்படிப் படைச்சிட்டான்.

அலகாயி இரண்டு முட்டை இட்டு, வயிற்றோடு அணைத்துக் கிடந்தாள். ஒரு நாள் பசி தாங்கவில்லை. 'சூடு ஆறுறதுக்குள்ள நாலு புழு தின்னுட்டு வந்துடலாம்' என்று வெளியே வந்தாள். வந்தவள் முன்கை இரண்டையும் முஷ்டியாக மடக்கி ஊன்றி, காலைப் பல்லி போல அகட்டி, ஆடி ஆடி நடந்தாள்.

கரையில் ஒரே கூட்டம். மீன்கொத்தி அலறிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என் மூணு முட்டையும் போச்சே! கூடு காலியாக் கிடக்கே!"

உடனே உடும்பன் கத்தினான்: "அந்தா பாருங்க, கையை மூடிக்கிட்டு வர்றா! இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு, மூணாவது வாய்க்குள்ள!"

அலகாயி திகைத்துப்போய் வாயைத் திறந்தாள். ஒன்றுமில்லை.

"முழுங்கிட்டா!" என்றான் உடும்பன்.

கங்காரு ராணி முன்னே வந்தாள். "அலகாயி, கையைத் திற."

"தாயே, இது கல்லுக் கரை. இங்க திறந்தா கிழிஞ்சிடும். தண்ணிக்குள்ள திறக்கிறேன்."

"தண்ணிக்குள்ளயா? நைசா நழுவ விடவா? மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?" என்றான் உடும்பன்.

"ஏண்டா, மடியில பிள்ளையோட நிக்கிற ராணிகிட்டயா மடியைப் பத்திப் பேசுற?" என்றது ஒரு தவளை. ராணி சிரிக்கவில்லை.

"திறக்கலேன்னா உன் வளையைத் தோண்டிப் பார்க்கச் சொல்வேன்."

அலகாயி வளையைத் திரும்பிப் பார்த்தாள். தோண்டினால் முட்டை உடையும். நின்றால் முட்டை ஆறும். "கணுக்கால் தண்ணி போதும் தாயே. நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க" என்று கெஞ்சினாள். சரியென்று ராணியும் இறங்கினாள்.

அலகாயி கையைத் திறந்தாள். முட்டை இல்லை. நகத்தையும் தாண்டி, விசிறி மாதிரி ஒரு சவ்வு விரிந்தது!

"அடியாத்தி!" என்றது கூட்டம். அதைத்தான் கல்லில் படாமல் மடக்கி வைத்திருந்தாளா?

ராணி திரும்பினாள். "குற்றம் சொன்னவன் கையையும் பார்க்கணும். உடும்பா, நீட்டு."

நீட்டினான். நகத்திடுக்கில் மஞ்சள் கரு காய்ந்திருந்தது.

"அடப்பாவி!" என்றது கூட்டம். அதற்குள் உடும்பன் ஆற்றில் பாய்ந்துவிட்டான். சேற்றுக்குள் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். கலங்கின தண்ணீரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அலகாயி கண்ணை மூடினாள், காதை மூடினாள், மூக்கையும் மூடித் தண்ணீருக்குள் முங்கினாள்.

"ஐயையோ, குருடி மாதிரிப் போறாளே!" என்றது கூட்டம்.

முன்கை இரண்டும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டன. பின்காலும் வாலும் சுக்கானாகத் திருப்பின. கரையில் தத்தளித்தவளா இவள்? உயிருள்ள உடம்பு எங்கே துடித்தாலும் அவள் அலகுக்குத் தெரியும். நேரே போய் உடும்பன் விலாவில் ஒரு இடி.

மூச்சுக்குத் தலையைத் தூக்கினான், மீன்கொத்தி கொத்தினாள். மறுபடி தூக்கினான், மறுபடி கொத்தினாள். மூன்றாம் தரம் தாங்காமல் கரைக்குத் தவழ்ந்தான். ராணி பின்காலால் விட்டாள் ஒரு உதை! புதரைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, தண்ணீரே இல்லாத பொட்டலில் போய் விழுந்தான்.

அலகாயி அதைப் பார்க்க நிற்கவில்லை. முஷ்டியை ஊன்றி வளைக்குள் ஓடினாள். முட்டையைத் தொட்டாள். இளஞ்சூடு மிச்சமிருந்தது. சுருண்டு அணைத்துக்கொண்டாள்.

வாசலில் சிறகடிக்கிற சத்தம். மீன்கொத்தி வந்து எதிர்க் கிளையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த இரண்டும் பொரிகிற வரைக்கும் ஒரு உடும்பையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை.

பார்த்ததை வைத்துப் பழி போடாதே. ஆறு அங்கே ஓடுது, கதை இங்கே நின்னுது, கண்ணை மூடுங்க.