அடித்து நொறுக்க ஒரு வார்த்தை

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கோவில்பட்டியில் ஒரு பேக்கரி மாடியில் மெர்லின் டீச்சர் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில், காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே குட்டி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார் மில் தொழிற்சங்கச் செயலாளர் கருத்தப்பாண்டி. கூச்சப்பட அவருக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை மில்லில் விசாரணை. மெஷின் பக்கத்தில் தூங்கினான் என்று இசக்கிராஜை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். விசாரிக்க மும்பையிலிருந்து வரும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கருத்தப்பாண்டி பேசித்தான் வேலையை மீட்க வேண்டும். இல்லாவிட்டால் கைக்குழந்தையோடு அவன் நடுத்தெருவில் நிற்பான்.

வாதாடும் வார்த்தைகளையெல்லாம் மனிதர் கரைத்துக் குடித்துவிட்டார். ‘ரெஃப்யூட்’ என்றால் மறுத்து உடைப்பது. ‘ஆன் தி கான்ட்ரரி’ என்றால் நீ சொல்வதற்கு நேர் எதிர். ரசத்தில் உப்பில்லை என்பதற்குக்கூட ‘தேர்ஃபோர்’ போட்டுப் பேசியதில், அவர் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

வியாழக்கிழமை, வகுப்பு கலைந்த பிறகு கேட்டார்.

“டீச்சர், இதெல்லாம் பத்தாது. எதிராளி வாயத் திறந்ததும் அடிச்சு நொறுக்குத மாதிரி ஒரே ஒரு வார்த்தை குடுங்க.”

“சரி அண்ணாச்சி. நான்தான் அந்த அதிகாரின்னு வச்சுக்கோங்க. உங்க ஆள் தூங்கினான்.”

“ஐ ரெஃப்யூட்!”

“போட்டோ இருக்கு.”

“ஐ டினை!”

“பாத்தவங்க இருக்காங்க. கூப்பிடட்டுமா?”

கருத்தப்பாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. கைவசம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

டீச்சர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

“அண்ணாச்சி, நிஜத்தச் சொல்லுங்க. தூங்கினாரா?”

“தூங்கத்தான் செஞ்சான், பாவிப்பய. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலன்னு சூப்பர்வைசர் அவனையே நிப்பாட்டிட்டாரு. அதுக்கடுத்த ஷிப்டுக்கும் விடல. மனுசன்தான, கண்ணு சொருகாதா?”

டீச்சர் போர்டில் ஒரு வார்த்தை எழுதினார்: அட்மிட்டட்லி.

“இதுக்கு என்ன அர்த்தம், டீச்சர்?”

“‘ஆமா, ஒத்துக்கிறேன்’னு அர்த்தம், அண்ணாச்சி.”

“அட என்ன டீச்சர்! என் வாயாலேயே அவன் கழுத்த அறுக்கச் சொல்லுதீகளா?”

“நாளைக்கு இதுதான் முதல் வார்த்தை. மத்ததெல்லாம் வீட்ல வச்சிட்டுப் போங்க.”

இந்தப் பொண்ணை நம்பி வந்தேனே என்று முனகிக்கொண்டே படியிறங்கினார் கருத்தப்பாண்டி.

மறுநாள் சாயங்காலம் அதே படியில் தடதடவென்று ஏறி வந்தார். கையில் தேங்காய் பன் பொட்டலம். கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

“டீச்சர், அவனுக்கு வேலை திரும்பக் கிடைச்சிருச்சு!”

“எப்படி?”

“போட்டோ, சாட்சி, வீடியோன்னு அடுக்கி வச்சிருந்தாங்க. எல்லாம் அவன் தூங்கினான்னு நிரூபிக்க. நான் எந்திரிச்சு ‘அட்மிட்டட்லி, ஹி ஸ்லெப்ட்’டுன்னேன். நம்ம சங்கத்து ஆளுகளே என்னைய முறைக்காங்க. எனக்கு உசிரே போச்சு. அந்த அதிகாரி ஃபைல மூடி வச்சாரு. அப்புறம் கேட்டாரு டீச்சர், ‘ஏன் தூங்கினான்?’னு. இத்தனை நாள்ல அத ஒருத்தரும் கேக்கல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘பிகாஸ்’னு ஆரம்பிச்சேன். தப்பும் தவறுமா எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். அவருக்குப் புரிஞ்சிருச்சு. சூப்பர்வைசரக் கூப்பிட்டுக் கேட்டா, அந்தாளு தலையக் குனிஞ்சிட்டாரு. திங்கக்கிழமை இசக்கிராஜ வேலைக்கு வரச் சொல்லியாச்சு.”

அப்பாடா என்று பெஞ்சில் சாய்ந்தார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவருக்குப் பசித்தது. பன்னை ஒரு கடி கடித்தார். ஆனாலும் ஆசை விடுமா?

“இருந்தாலும் டீச்சர், நான் கேட்ட அந்த அடிச்சு நொறுக்குத வார்த்தைய நீங்க கடைசி வரைக்கும் சொல்லித் தரலையே.”

டீச்சர் ஒரு பன்னை எடுத்துப் பிட்டார்.

“ஏன் அண்ணாச்சி, அடிக்க இன்னும் அங்க ஆள் இருக்கா?”